நிலாவைக் கடக்கும் நேரம்

சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றபோது இன்னும் இருபத்து நான்கு மணி நேரமும் முப்பத்தொரு நிமிடமும் இருந்தன. ஜெனிஃபா போனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள். ஞாயிறு மாலை ஆறு நாற்பத்தொன்றுக்கு விண்வெளி நிலையம் நிலாவின் குறுக்கே போகும். ஆம்பூரில் நான்கைந்து கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டைக்குள் நிற்பவர்களுக்கு மட்டும் அது தெரியும். அவர்கள் தெரு அந்தப் பட்டைக்குள் இருந்தது. வாணியம்பாடியில் நின்றால் அது நிலாவுக்கு வெளியே போய்விடும்.

பஸ்ஸின் முன்படியில் அவள் அம்மா கிரேஸி இறங்கினாள். பின்படியில் பக்கத்து வீட்டு வஹீதாவும், வஹீதாவின் அக்கா மகள் சஹரும் இறங்கினார்கள். மூன்று பேருக்கும் ஒரே ஷூ கம்பெனி, ஒரே லைன். ஏழு, எட்டு, ஒன்பதாம் மெஷின்கள். புதன்கிழமை வரை மூன்று பேரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்து வந்தார்கள். இப்போது தெருவின் இரண்டு ஓரமாகப் பிரிந்து நடந்தார்கள். வஹீதா வலது மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியை நடந்துகொண்டே இறுக்கிக் கட்டினாள். சஹர் தலையைத் தூக்கவில்லை.

வியாழக்கிழமை காலை நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஷூவின் மேல்தோலைத் தைப்பதுதான் அந்த லைனின் வேலை. மணிக்கு அறுபத்திரண்டு என்று இருந்த டார்கெட் திங்கட்கிழமை முதல் எண்பது. பத்து நாள் எண்பது வராதவர்களை மெஷினிலிருந்து எடுத்து நூல் வெட்டும் மேசைக்கு அனுப்புவார்கள். அந்த மேசைக்குப் போன யாரும் மெஷினுக்குத் திரும்பியதில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டு ஹாலில், நாற்பது பெண்களுக்கு முன்னால், கிரேஸி சஹரைப் பார்த்துக் கேட்டாள். "வந்து மூணு மாசம் ஆகல. வாட்ச்சு முன்னாடி உன் கெட்டிக்காரத்தனத்த காட்டி எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சிட்டியேம்மா, நல்லா இருக்குதா?" சஹர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போனாள். வஹீதா கிரேஸியிடம் பேசுவதை நிறுத்தினாள்.

வாட்ச்சு என்பது ஸ்டாப் வாட்ச். அதைப் பிடித்து நிற்பவள் ஜெனிஃபா.

அவள் வேலூரில் இயற்பியல் படித்தவள். நான்கு மாதத்துக்கு முன்பு இதே கம்பெனியில், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கும் பிரிவில் சேர்ந்தாள். லைனில் நின்று தைப்பவர்களின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருக்கும். கையை மட்டும் பார்ப்பாள். அதற்கு முன்னால் அவள் அம்மா தைத்து அவள் பார்த்ததில்லை. அம்மா காலையில் பஸ் ஏறுவதும், சாயங்காலம் விரல் நுனியில் கறுப்புச் சாயத்தோடு இறங்குவதும்தான் தெரியும்.

சமையலறையில் கிரேஸி தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். இரண்டு பல் உரிப்பாள், எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பாள், மறுபடி வந்து உட்காருவாள்.

"எண்பதுன்னா ஒண்ணுக்கு எவ்ளோ நேரம்டி?"

"நாப்பத்தஞ்சு செகண்டு. தண்ணி குடிக்கிறது, நூல் மாத்துறது எல்லாம் சேத்து. தைக்கிறது மட்டும் முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டு." கிரேஸி பூண்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். இரண்டு கையையும் மடிக்கு மேலே தூக்கி, இல்லாத தோலை இல்லாத ஊசிக்குக் கீழே வைத்துத் திருப்பினாள். வியாழக்கிழமையிலிருந்து இப்படித்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும், படுக்கும்போதும். வளைவு வருகிற இடத்தில் இடது கை நின்றது. "இங்கயே இருவது போய்டுது. மனுஷி தைப்பாளா இத?"

ஜெனிஃபா தட்டிலிருந்து ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"பதினாலு வருஷமா பாக்கறேன். வாட்ச்சு பக்கத்துல வந்தா கை தன்னால மெதுவாகணும். யாரும் சொல்லித் தர வேணாம். நூல ஒருதரம் இழுத்துப் பாப்போம். தோல வெளிச்சத்துல திருப்பிப் பாப்போம். ஒரு தும்மல் வந்தாக்கூட நல்லா நீட்டித் தும்முவோம். பத்து செகண்டு போய்டும். அதுலதான் நாங்க மூச்சு விடறது. உங்க மேனேஜருக்கும் தெரியும் அது. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருப்பாரு."

"ம்."

"மூணு பேரத்தான அளந்த? நான், வஹீதா, அவ."

"மூணு பேருதான்."

"வஹீதாவுக்குக் கை வீங்கிக் கெடக்குது. நான் நேத்து வந்தவ இல்ல. மிச்சம் யாரு? கணக்கு வருதா இல்லியா? நீதான் பி.எஸ்சி. படிச்சவ."

"அம்மா, விடுங்கம்மா."

"நான் விட்டுட்டா? பத்து நாள்ல வஹீதாவ மேசைக்கு அனுப்புவாங்க. அதுக்கப்புறம் என்னைய. யார் கையால நேரம் வந்துச்சோ அவளே போயி எழுதிக் குடுக்கட்டும். நீதான சொன்ன, எழுதிக் குடுத்தா மறுபடி அளப்பாங்கன்னு."

அதை ஜெனிஃபா வெள்ளிக்கிழமை ராத்திரி சொல்லியிருந்தாள். அவள் அளந்தது மூன்று தாள்கள். மேனேஜர் அதில் வேகமான ஒன்றை எடுத்துக்கொண்டார். எது என்று அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். தாளில் பெயர் கிடையாது, டோக்கன் நம்பர்தான். நேரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் உண்டு. தைப்பவர் எந்த வேகத்தில் தைக்கிறார் என்று அளப்பவர் அதில் எழுத வேண்டும். வழக்கமான வேகம் என்றால் நூறு. வழக்கத்தை மீறி வேகமாகத் தைத்தால் நூற்று இருபது, நூற்று முப்பது. அப்படி எழுதினால் அளந்த நேரத்தை அதற்கேற்பக் கூட்டித்தான் டார்கெட் போடுவார்கள். நூற்று முப்பது என்று எழுதியிருந்தால் டார்கெட் பழைய அறுபத்திரண்டிலேயே நின்றிருக்கும்.

ஜெனிஃபா நூறு என்று எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போய் அதை மாற்றலாமா என்று கேட்டாள். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்ட தாளை மாற்ற முடியாது, அந்த ஆபரேட்டரே வந்து, அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாகத் தைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் மறுபடி அளக்கலாம், திங்கட்கிழமை லைன் ஓட ஆரம்பிப்பதற்குள் வர வேண்டும் என்றார். லைன் எட்டரைக்கு ஓடும்.

வீட்டில் அவள் அவர் சொன்னதைச் சொன்னாள். டோக்கன் நம்பரைச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை மேகம் போட்டிருந்தது. கோயிலில் பிரசங்கம் முடிவதற்குள் ஜெனிஃபா நான்கு தடவை ஜன்னலைப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் பாலாற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தது. காற்றில் தோல் பதனிடும் ஷாப்பின் வாடை இருந்தது. காற்று மேற்கே திரும்பினால் மேகம் கலையும் என்று போனில் போட்டிருந்தது. காற்று திரும்பவில்லை.

கிரேஸி பழக்கத்தில் ஐந்து டம்ளர் அரிசி போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வஹீதா வீட்டிலிருந்து தால்சா வரும், இங்கிருந்து சோறும் கறிக்குழம்பும் போகும். பதினொரு வருடமாக அப்படி. இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு சுவர். அது மழையில் ஆறடிக்கு இடிந்து விழுந்தபோது, போக வர வசதியாக இருக்கிறது என்று யாரும் திருப்பிக் கட்டவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அந்த இடைவெளியில் வஹீதா கொடி கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டாள். மூன்று நாளாக அதே போர்வை.

மூன்று மணிக்கு அப்பா கிருபானந்தம் ஜோலார்பேட்டையிலிருந்து பேசினார். ரயில்வேயில் வேலை. ஞாயிறும் டூட்டி.

"மேகம் இருக்குதாம்மா?"

"இருக்குதுப்பா."

"எவ்ளோ நேரம் தெரியும் அது?"

"ஒரு செகண்டுகூட இல்ல. புள்ளி ஆறு."

அவர் சிரித்தார். "நான் இங்க ரெண்டு மணி நேரம் லேட்டா வர்ற வண்டிக்கு நின்னுட்டு இருக்கேன். உங்க அம்மா எப்படி இருக்குறா?"

"அப்படியேதான்."

"பக்கத்து வீட்டுல?"

"அப்படியேதான்."

"நீ ஏதாவது பேசேன்" என்றார். பிறகு யாரோ கூப்பிட, வைத்துவிட்டார்.

ஜெனிஃபா தொலைநோக்கியைக் கொல்லைக்குத் தூக்கி வந்தாள். ஆறங்குல பிவிசி பைப். கண்ணாடியை மட்டும் கடையில் வாங்கியது. மற்றதெல்லாம் கம்பெனிக்குச் சரக்கு வந்த ப்ளைவுட் பெட்டியின் பலகை. பைப்பின் உள்பக்கம் வெளிச்சம் பட்டுச் சிதறாமல் இருக்க, கறுப்பு ஸ்வேட் தோலின் துண்டுகளை ஒட்டுப் போட்டு உறை மாதிரி தைத்து உள்ளே செருகியிருந்தாள். தைத்துக் கொடுத்தது வஹீதா. கூலியாக, நல்லதாக ஏதாவது வரும்போது முதல் பார்வை எனக்கு என்று கேட்டிருந்தாள். வெயிலில் வைத்தால் பைப் தோல் வாடை அடிக்கும்.

போர்வைக்கு அந்தப் பக்கம் துவைக்கிற சத்தம் கேட்டது. பிறகு போர்வையை ஒதுக்கிக்கொண்டு சஹர் எட்டிப் பார்த்தாள். கையில் நுரை.

"அக்கா, நீலம் இருக்குதா? நேத்தோட வேலைய விட்டுட்டேன், யூனிஃபார்ம துவைச்சுக் குடுக்கணுமாம். காலா வீட்டுல தீந்துபோச்சு." சித்தி வஹீதாவை அவள் காலா என்றுதான் கூப்பிடுவாள்.

ஜெனிஃபா நீலக் குப்பியை எடுத்து வந்து கொடுத்தாள். "எப்ப கெளம்புற?"

"நாளைக்குக் காலைல ஆறே முக்கா பஸ்ஸு. பள்ளிகொண்டால அம்மா வந்து நிப்பாங்க. யூனிஃபார்ம காலா குடுத்துடுவாங்க." குப்பியின் மூடியைத் திருகினாள். "வீட்டுக்குப் போனா நிக்காஹ் பேச்சுதான். ஒரு வருஷம் வேலை செய்றேன்னு சொல்லித்தான் வந்தேன். மூணு மாசம்கூட ஆகல."

ஜெனிஃபா கண்ணாடியின் திருகைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சரியாக இருந்தது.

"நீங்க அன்னிக்குப் பக்கத்துல நிக்கறப்ப நான் வேணும்னே மூணு தரம் நூல அறுத்தேங்க்கா. காலா முந்தின நாளே சொல்லிக் குடுத்தாங்க."

"பாத்தேன்" என்றாள் ஜெனிஃபா.

சஹர் இன்னும் ஏதாவது வரும் என்று நின்றாள். குழாயடியில் வாளி நிரம்பி வழிந்தது. ஓடிவிட்டாள்.

ஐந்து மணிக்கு மேல் காற்று திரும்பியது. ஐந்தரைக்குத் தெற்கே ஒரு கிழிசல். ஆறு பத்துக்கு உச்சிக்குச் சற்றுக் கிழக்கே நிலா தெரிந்தது. பாதி வட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, வெளுப்பாக, பகல் இன்னும் விலகாத வானத்தில். ஜெனிஃபா பைப்பைத் திருப்பி நிலாவைப் பிடித்தாள். ஒரு மேகம் வந்து மூடியது. விட்டாள். மறுபடி பிடித்தாள்.

ஆறு இருபத்தைந்துக்கு வாசல் கதவு தட்டப்பட்டது. கொல்லைப் பக்கம் ஆறடி இடைவெளி இருக்க, வஹீதா தெருவைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்திருந்தாள். வெளியே போகிறபோது போடும் புர்க்கா போட்டிருந்தாள். பின்னால் சஹர்.

கதவைத் திறந்த கிரேஸி ஒதுங்கி நின்றாள்.

"ஜெனி கூப்ட்டுச்சு, வந்தேன்" என்றாள் வஹீதா, சுவரைப் பார்த்து. "பைப்புக்கு உறை தைச்ச கூலி."

"நான் யாரையும் வர வேணாம்னு சொல்லல" என்றாள் கிரேஸி, கதவைப் பார்த்து.

கொல்லையில் நான்கு பேரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். கிரேஸி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள், எழுந்தாள், கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள்.

"காலா, நீங்க பாருங்க" என்றாள் ஜெனிஃபா. அவளும் சின்ன வயதிலிருந்து வஹீதாவை அப்படித்தான் கூப்பிடுவாள். "இப்ப நிலாவ மட்டும் பாருங்க. அது வர்றதுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்குது."

வஹீதா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள், போட்டுக்கொண்டு பார்த்தாள். "அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்குது. இன்னா பள்ளம்டா யப்பா." தலையை எடுத்தாள். "அந்த ராக்கெட் போறதையும் நானா பாக்கறது? கண்ண சிமிட்டினா போச்சு. இவ பாக்கட்டும். ஊருக்குப் போயி சொல்றதுக்கு இதாவது இருக்கட்டும்."

"வேணாம் காலா" என்றாள் சஹர். "அக்கா நாலு மாசமா காத்துட்டு இருக்காங்க."

"நான் நேரம் பாத்துச் சொல்லணும்" என்றாள் ஜெனிஃபா. "நீ பாரு."

"அவளுக்கு இன்னா" என்றாள் கிரேஸி துணி மடித்தபடி. "செகண்டு கணக்கு வேலைன்னா அவதான் லாயக்கு."

வஹீதா திரும்பினாள். மூன்று நாளைக்குப் பிறகு நேராகப் பேசினாள். "கிரேஸி, போதும். புள்ள நாளைக்குப் போறா. இன்னும் ஒரு ராத்திரி பேசாம இருந்தா உன் வாய் தேஞ்சிடாது."

"போறா, சரி. போறதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போகட்டும். உனக்காகத்தான்டி சொல்றேன். அந்தக் கையை வெச்சிக்கினு எண்பது தைப்பியா நீ?"

"என் கையைப் பத்தி நீ பேஜாராவாத."

"நான் ஆகாம வேற யார் ஆவுறது? உனக்கு டீ டம்ளர் புடிக்க முடியல. நான் பாக்கலன்னு நெனச்சியா?"

வஹீதா மணிக்கட்டை புர்க்காவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு நிமிஷம்" என்றாள் ஜெனிஃபா. குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. நிலாவை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். அது நகர்ந்துகொண்டே இருந்தது. விரலால் பைப்பை ஒரு இழை தள்ளினாள். மறுபடி ஒரு இழை. போனில் நொடி ஓடியது. "வா. பைப்பைத் தொடாத. மூச்ச மெதுவா விடு. வலது கண்ணு."

சஹர் குனிந்தாள். துப்பட்டாவைப் பின்னால் தள்ளி முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

"அதோ" என்றாள் வஹீதா.

தென்மேற்கில், மசூதி மினாருக்கு மேலே, ஒரு புள்ளி ஏறி வந்தது. சத்தமே இல்லை. விமானம் மாதிரி சிமிட்டவில்லை. நேராக நிலாவைப் பார்த்து வந்தது. கிரேஸி கையில் பாதி மடித்த சட்டையோடு அண்ணாந்து பார்த்தாள்.

"உள்ள ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றாள் ஜெனிஃபா. "பதினஞ்சு. பத்து. சஹர், கண்ண சிமிட்டாத. அஞ்சு. நாலு. மூணு."

புள்ளி நிலாவின் ஓரத்தைத் தொட்டது. தொட்டதும் மறுபக்கம் இருந்தது. வடகிழக்கே போய், தோல் ஷாப்பின் தண்ணித் தொட்டிக்கு அப்பால் மங்கி, இல்லாமல் போனது.

சஹர் தலையை எடுக்கவில்லை.

"பாத்தியா?" என்றாள் வஹீதா.

"பாத்தேன் காலா." மெதுவாக நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. "பாபின் மாதிரி இருந்துச்சு. மெஷின் பாபினப் பக்கவாட்டுல புடிச்சா எப்படி இருக்கும், ரெண்டு பக்கமும் தட்டு, நடுவுல தண்டு, அப்படி. வெளிச்சத்துப் பக்கம் சாம்பலா வந்துச்சு. இருட்டுக்குப் போனதும் வெள்ளை. போய்டுச்சு."

இவ்வளவு நுணுக்கமாகத் தானே பார்த்திருப்பாளா என்று ஜெனிஃபாவுக்குத் தெரியவில்லை. "கரெக்ட். அப்படித்தான் இருக்கும்."

"இதுக்கா நாலு மாசம்" என்றாள் வஹீதா. ஆனால் சிரித்தாள். கிரேஸியும் சிரிக்கப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். கொல்லை கொஞ்சம் இருட்டியிருந்தது. கிரேஸி சட்டையை மடித்து முடித்து, மற்றத் துணிகளின் மேல் வைத்தாள். வைத்த கை மறுபடி தூக்கித் திருப்பியது, இல்லாத தோலை.

சஹர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி" என்றாள். "நானே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

"இன்னாடி சொல்ற" என்றாள் வஹீதா.

"எனக்கு இன்னா காலா, நான் எப்படியும் போறேன். ஆறே முக்கா பஸ்ஸ விட்டுட்டு ஒம்பது மணி பஸ்ல போறேன். வேகமா தைச்சேன்னு ஒரு வரி. உங்க கை மேசைக்குப் போகாம இருந்தா போதும்."

"நீ செய்யாததுக்கு நீ ஏன் எழுதணும்?"

"செய்யாதவளா?" என்றாள் கிரேஸி. ஆனால் அவள் குரலில் பழைய வேகம் இல்லை. சஹரின் முகத்தை இப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "செய்யாதவ எதுக்குடி எழுதிக் குடுக்கறேன்ற?"

"நீங்க பேசாம இருக்கறது கஷ்டமா இருக்குது ஆன்ட்டி. காலா ரெண்டு நாளா சாப்புடல."

கிரேஸி வஹீதாவைப் பார்த்தாள். வஹீதா நிலாவைப் பார்த்தாள்.

"அப்ப யாருதான்?" கிரேஸி மகளிடம் திரும்பினாள். "நீ பக்கத்துலயே நின்ன. வாயத் தொறந்து சொல்லேன்டி. இவ எழுதிக் குடுத்தா மறுபடி அளப்பாங்களா, மாட்டாங்களா?"

ஜெனிஃபா பைப்பின் வாயில் மூடியைப் போட்டாள். அது சரியாக உட்காரவில்லை. எடுத்து மறுபடி போட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"மாட்டாங்கம்மா. இவ எழுதினா செல்லாது. டோக்கன் நம்பர் ஒத்துப்போகாது."

"ஏன் போகாது?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"அது உங்க தாளும்மா. ஏழாம் மெஷின். முப்பத்தெட்டு செகண்டு. நான் பக்கத்துல நின்னப்ப நீங்க ஒருதரம்கூட நூல இழுத்துப் பாக்கல. எப்பவும் அப்படித்தான் தைப்பீங்கன்னு நெனச்சு நான் நூறுன்னு எழுதிட்டேன்."